தலைமுறையாகத் தொண்டு செய்யும் வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

தூறல்:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பொதுக் காரியத்தில் இருப்பார். தாத்தா எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவு வகுப்பு எடுத்தார். அம்மா பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டுவார், தேர்வு வந்தால் ஸ்கிரைப்பாகப் போய் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பார். அவர் வாசிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன், காதில் விழுந்து விழுந்தே எனக்கும் பழகிவிட்டது. என்னை உட்காரவைத்து யாரும் அறிவுரை சொன்னதாக நினைவில்லை.

பாடத்தில் வரைபடம் வந்தால் மட்டும் அம்மா என்னைக் கூப்பிடுவார். "இதைப் பார்க்காத ஒருத்தருக்கு எப்படிச் சொல்லுவே, சொல்லு பார்ப்போம்." நான் "ஒரு கோடு மேலே போகுது" என்பேன். "எங்கே ஆரம்பிக்குது? கிடை அச்சுல என்ன இருக்கு, நெடு அச்சுல என்ன இருக்கு? ஒரே சீராப் போகுதா, நடுவுல வளையுதா?" என்று விடாமல் கேட்பார். பாவம், எனக்கு அழுகையே வந்துவிடும். இன்று அலுவலகத்தில் எதையாவது தெளிவாக எழுதிக் கொடுத்தாய் என்று யாராவது சொன்னால் அதற்கு அந்தக் கேள்விகள்தான் காரணம்.

இப்போது விஷயம் என்னவென்றால், நானும் அதே வாசிப்பு வேலையைச் செய்கிறேன், மகளுக்குப் பதின்மூன்று வயது, சின்ன வயதிலிருந்து என்னோடு வந்துகொண்டிருந்தவள் இப்போது வர மாட்டேன் என்கிறாள். சண்டை போடவில்லை. "அது உனக்குப் பிடிச்ச வேலைம்மா, எனக்கும் ஏன் பிடிக்கணும்?" என்று நிதானமாகக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இப்படி வளர்ந்தவர்கள் சொல்லுங்கள். உங்களை இழுத்துக்கொண்டு போனார்களா, நீங்களாகவே போனீர்களா? இப்போது திரும்பிப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? 'பிள்ளைகளுக்கு நல்ல பண்பு வரும்' என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

நடுப்பக்கம்:

எங்கள் அப்பா ரத்த தானம் செய்கிறவர்களைச் சேர்த்து வைத்து, தேவைப்படும்போது அனுப்பிவைக்கிற வேலையைச் செய்தார். வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம். ஒரு நீளமான நோட்டு இருக்கும், ஒவ்வொரு ரத்த வகைக்கும் ஒரு பிரிவு. ஓ நெகட்டிவ் பக்கங்களின் ஓரம் மட்டும் கிழிந்து கிழிந்து டேப் ஒட்டியிருக்கும், ஏனென்றால் அதைத்தான் அடிக்கடி புரட்டுவோம்.

எட்டு வயதிலேயே எனக்கு எந்த வகை யாருக்குச் சேரும் என்று மனப்பாடம். சிவப்பணுக்களைக் குளிரூட்டி 42 நாள் வரை வைத்திருக்கலாம், ஆனால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டை அறை வெப்பத்தில் இடைவிடாமல் அசைத்துக்கொண்டே வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் 5 முதல் 7 நாள்தான் தாங்கும். அதனால்தான் பிளேட்லெட் கேட்டு வரும் அழைப்பு எப்போதுமே அவசரமாக இருக்கும், ராத்திரி பகல் பார்க்காது. இதையெல்லாம் ஒரு குழந்தைக்கு ஏன் சொன்னார் என்று நினைக்கலாம். ராத்திரி போன் அடித்தால் நான் எரிச்சல்படக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

கொஞ்சம் வளர்ந்ததும் நோட்டைப் பார்த்துப் போன் செய்யும் வேலை எனக்கு வந்தது. அதற்கு அப்பா வைத்திருந்த விதிகள் சில. எடுத்ததும் யார் பேசுகிறோம் என்று சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், காய்ச்சல் ஏதாவது இருந்ததா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வர முடியுமா என்று கேட்க வேண்டும். 'ஒரு உயிர் போகப்போகுது' என்ற பேச்சு கூடவே கூடாது. அப்புறம், முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்கவே கூடாது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும்.

இது எனக்குப் புரியவில்லை. நல்ல ஆரோக்கியமான மனிதர், போன தடவை வந்தவர், ஏன் வர மாட்டார்? ஒருநாள் கேட்டேன். "அவருக்கு ஏதாவது நோய் வந்திருக்கலாம், வீட்டில் யாருக்கும் சொல்லாம இருக்கலாம். நீ கேட்டா பொய் சொல்ல வேண்டி வரும். பொய் சொன்னவர் அடுத்த தடவை போனே எடுக்க மாட்டார்" என்றார். மறுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் போட விடமாட்டார்.

அடுத்தவரிடம் இவ்வளவு கவனமாக இருந்தவர், என்னிடம் மட்டும் "இன்னைக்கு நீ போன் பண்ண முடியுமா" என்று ஒருநாளும் கேட்டதில்லை. நோட்டைக் கையில் கொடுப்பார், அவ்வளவுதான். தூறல், உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது அதுதான்: அவளுக்கும் அந்த நோட்டில் இருப்பவர்களுக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கட்டும்.

பின்வரிசை:

எல்லோரும் உருகப்போகிறீர்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவும் பெரிய தொண்டர். வெள்ளம், தீ விபத்து என்று எங்கே என்ன நடந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரே புகழும். அவர் கிளம்பிப் போன பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் கேட்டதில்லை. படுக்கையில் இருந்த பாட்டியைத் திருப்பிப் போடுவது, எங்களைப் பள்ளிக்கு அனுப்புவது, வேலைக்குப் போவது, வந்து மறுபடி பாட்டியைப் பார்ப்பது, எல்லாம் அம்மா. அப்பா முகாமில் முன்பின் தெரியாதவர்களின் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவருடைய அம்மாவின் படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டது என் அம்மா. சான்றிதழ்கள் எல்லாம் அப்பா பெயரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதைத் துடைப்பதும் அம்மாதான்.

உலகத் தொழிலாளர் புள்ளியியல் வல்லுநர்கள் 2013இல் ஜெனிவாவில் கூடித் தன்னார்வப் பணியை எப்படிக் கணக்கெடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஊதியம் இல்லாமல், கட்டாயம் இல்லாமல், தன் வீட்டுக்கும் உறவினர் வீட்டுக்கும் வெளியே இருப்பவர்களுக்குச் செய்தால்தான் அந்தக் கணக்கில் வரும். புள்ளிவிவரத்துக்கு அது தேவையாக இருக்கலாம், வீட்டு வேலைக்குத் தனிக் கணக்கும் வைத்திருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டை அந்தக் கணக்கில் போட்டால் அப்பா தன்னார்வலர், அம்மா அதில் கிடையாது. அப்பாவின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னால் அம்மாவின் ஒரு மணி நேரம் இருந்தது.

நான் தொண்டுக்கு எதிரி இல்லை. மாதம் ஒரு தொகை ஒரு அமைப்புக்குப் போகிறது, அதோடு சரி, நேரில் போக மாட்டேன். அப்பா மேல் கோபமா என்று கேட்டால் இப்போது பெரிதாக இல்லை. ஆனால் 'எங்கள் குடும்பமே சேவைக் குடும்பம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த வீட்டில் சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

கரிச்சான்:

பின்வரிசை, அப்படியே எங்கள் வீடு. ஒரே வித்தியாசம், எங்கள் வீட்டில் வெளியே போனது அம்மா, வீட்டைப் பார்த்தது பெரிய அக்கா. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. இன்றுவரை அம்மாவைப் பற்றி யாராவது பாராட்டிப் பேசினால் அக்கா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

நேர்க்கோடு:

கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் சொல்கிறேன், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் 'உனக்கு விருப்பமா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. பல் தேய்க்க விருப்பமா என்று கேட்டா பழக்கினோம்? முதலில் பழக்கம், விருப்பம் பிறகு தானாக வரும். என்னை அப்பா கட்டாயமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார், இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன், மூன்றாவது வருடம் அவரால் வர முடியாமல் போனபோது நானே போனேன். இன்றும் போகிறேன்.

அரசாங்கங்களே இதைச் செய்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 40 மணி நேரம் சமூகப் பணி செய்தால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்று கிடைக்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் 75 மணி நேரம். அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் ஒரு முதியோர் இல்லத்தின் உள்பக்கத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இதில் என்ன தவறு?

ஏழாம்வாய்ப்பாடு:

நேர்க்கோடு, உங்கள் அனுபவத்தை மறுக்க நான் யார். ஆனால் இந்தத் துறையில் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

2006இல் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இருவர் 18 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் துணி காயப் போடும்போது கிளிப்பைக் கீழே விட்டுவிட்டு எட்ட முடியாமல் கையை நீட்டுவார். அவ்வளவுதான். 'எடுத்துக் கொடு' என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. 2008இல் 20 மாதக் குழந்தைகளோடு இன்னொன்று. உதவி செய்த சில குழந்தைகளுக்குப் பரிசாக விளையாட்டுப் பொருள், சிலருக்கு வாய் வார்த்தையில் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த சுற்றில் பரிசு வாங்கிய குழந்தைகள்தான் குறைவாக உதவின. அதாவது உதவும் குணத்தை நாம் விதைக்கவே வேண்டியதில்லை போலிருக்கிறது, கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

வளர்ந்த பிள்ளைகளிடமும் இதே கதைதான். இஸ்ரேலில் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை நீசி, ரஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த வேலை ஏன் முக்கியம் என்ற பேச்சு மட்டும். இன்னொன்றுக்குத் திரட்டும் தொகையில் 1 சதவீதம் ஆய்வாளர்கள் கையிலிருந்து. மூன்றாவதுக்கு 10 சதவீதம். அதிகம் திரட்டியது காசே வாங்காத குழு. 1 சதவீதக் குழுதான் கடைசி. 2000இல் வெளியானது.

கட்டாயம் பற்றி நேரடியாகவே 1999இல் ஸ்டூகாஸ் குழுவினர் பார்த்தார்கள், படிப்பின் ஒரு பகுதியாகக் கட்டாயச் சேவை செய்த கல்லூரி மாணவர்களிடம். தங்களை யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று உணராதவர்களுக்கு முன்பே செய்த தொண்டு அனுபவம் பின்னாளிலும் செய்ய வேண்டும் என்ற எண்ணமாக வளர்ந்தது. தள்ளுகிறார்கள் என்று உணர்ந்தவர்களிடம் அந்தத் தொடர்பே அறுந்துபோயிருந்தது.

ஆக நீங்கள் தப்பித்தவர். உங்கள் அப்பா உங்களைத் தள்ளினார் என்றாலும் அந்த மூன்றாவது வருடம் 'நீ போ' என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'நானே போனேன்' என்று.

நேர்க்கோடு:

சரி, அது நியாயமான பாயிண்ட். ஆனால் முதல் இரண்டு வருடம் இல்லாமல் மூன்றாவது வருடம் எங்கே போவது என்றே எனக்குத் தெரிந்திருக்காதே. கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவது பெற்றோர் வேலைதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஒற்றைச்செருப்பு:

என் பெயர்க் காரணம் இங்கே பொருந்துவதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் பேரிடர் காலத்தில் வந்து குவியும் துணிகளைப் பிரித்து அடுக்கும் வேலை செய்தது, குடும்பத்தோடு, குழந்தைகள் உட்பட. மூட்டையைப் பிரித்தால் என்னவெல்லாம் வரும் தெரியுமா? ஜிப் போன கால்சட்டை, கறை படிந்த படுக்கை விரிப்பு, உள்ளாடை (துவைக்காதது), குதிகால் உயர்ந்த செருப்பு அதுவும் ஒரு காலுக்கு மட்டும். தண்ணீரில் வீட்டை இழந்து நிற்கிறவருக்கு ஒற்றைக் காலில் குதிகால் செருப்பு! நானும் தம்பியும் அதைப் போட்டுக்கொண்டு கிடங்கு முழுக்க நொண்டியடித்தோம், பெரியவர்கள் சிரித்து முடித்துவிட்டு அதட்டினார்கள்.

ஆனால் அந்த வயதில் அங்கே பார்த்தது வேறு எங்கேயும் கிடைக்காது. கேட்காமல் வந்து குவியும் பொருள் உதவி இல்லை, அது கூடுதல் வேலை. அதைப் பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், லாரி அதற்காகக் காத்து நிற்கும், மருந்தும் குடிநீரும் இறக்க வேண்டிய இடத்தைப் பழந்துணி அடைத்துக்கொண்டிருக்கும். பேரிடர் வேலையில் இருப்பவர்கள் இதை இரண்டாவது பேரிடர் என்றே சொல்வார்கள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடு, இல்லையென்றால் பணமாகக் கொடு. இது எனக்குப் பத்து வயதில் தெரியும், படித்த பெரிய மனிதர்கள் பலருக்கு இன்னும் தெரியாது.

இதில் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. கொடுப்பவர்களின் மூட்டையைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு மனிதர்கள் மேல் ஒரு ஏளனம் வந்துவிடும். யாராவது நல்ல மனதோடு ஏதாவது கொடுத்தால்கூட 'வீட்டைக் காலி பண்றாங்க' என்று தோன்றும். எனக்கு அது கல்லூரி முடியும் வரை இருந்தது. சேவை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் பார்க்கிற ஒரு பொதுவான வியாதி இது, நாம் மட்டும் உசத்தி என்ற நினைப்பு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூறல், உங்கள் மகள் வர மாட்டேன் என்று சொல்வதில் எனக்குப் பிடித்ததே அதுதான், அவளுக்கு அந்த வியாதி இல்லை.

பூவரசு:

எங்கள் அம்மா தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் அழைக்கும் உதவி எண்ணில் இருந்தார். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அம்மா அப்பா அந்த வேலையில் இருந்தால் உங்களுக்குத் தெரியும், வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. யார் அழைத்தார், என்ன சொன்னார், பிறகு என்ன ஆயிற்று, எதுவும் வெளியே சொல்லக் கூடாது. நடுப்பக்கத்தின் அப்பா மாதிரி எங்களுக்கு விளக்கிச் சொல்ல அம்மாவால் முடியாது. பணி முடிந்து வந்தால் வாசல் விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார். நாங்கள் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

சின்ன வயதில் அந்த முகம் தெரியாத ஆட்கள் மேல் எனக்குப் பொறாமை. அவர்கள் பேசினால் அம்மா குறுக்கே பேசாமல் கேட்பார், நான் பேசினால் "சீக்கிரம் சொல்லு, வேலை இருக்கு". ஆனால் எனக்குப் பதினேழு வயதில் ஒரு பெரிய சிக்கல் வந்தபோது அம்மா என்னை அந்தத் தொலைபேசியில் கேட்பது போலவே கேட்டார். அறிவுரை இல்லை, 'நான் அப்பவே சொன்னேன்' இல்லை. எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. அந்தப் பயிற்சி எங்கே கிடைத்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த வகை வேலையின் ஆரம்பமே சுவையானது. 1953இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்க்க முறை வரும் வரை உட்கார்ந்திருந்தவர்களோடு சும்மா பேச்சுத்துணைக்குச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் கவனித்தது, பலருக்கு அந்தப் பேச்சுத்துணையே போதுமானதாக இருந்தது, அவரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்த வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி வளர்ந்ததுதான்.

நான் அம்மாவின் வேலைக்குப் போகவில்லை. என்னால் முடியாது என்று தெரியும். அம்மாவும் ஒருமுறைகூட வா என்று சொல்லவில்லை. அதற்காக எங்கள் வீட்டு மரபு அறுந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேகலை_எம்:

குடும்ப மரபு என்ற பேச்சு வந்ததால் இரண்டு பேரைச் சொல்கிறேன், பின்வரிசை கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஒருவர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் காரணமான ஆன்றி துனான். 1828இல் ஜெனிவாவில் பிறந்தவர். அவருடைய அப்பா அநாதைப் பிள்ளைகளுக்கும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் உதவியவர், அம்மா நோயாளிகளையும் ஏழைகளையும் கவனித்தவர். 1859 ஜூனில் சோல்ஃபெரினோ போர் நடந்தபோது துனான் அந்தப் பக்கம் போனது சேவைக்காக இல்லை, தொழில் விஷயமாக மூன்றாம் நெப்போலியனைப் பார்க்க. காயம்பட்டவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் மக்களைத் திரட்டி இரண்டு தரப்பு வீரர்களையும் கவனிக்க வைத்தார். வீட்டில் பார்த்து வளர்ந்தது அங்கே கை கொடுத்திருக்காதா?

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். பதினான்கு வயதில் பெரிய அறுவை சிகிச்சை, யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். அவருடைய அப்பாவும் ரத்தம் கொடுப்பவர். நானும் கொடுப்பேன் என்று அப்போதே முடிவு செய்து 1954இல் ஆரம்பித்து 2018இல் வயது வரம்பு வந்து நிறுத்தும் வரை 1,173 முறை கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், அரிய எதிர்ப்புப் பொருள் இருந்தது, தாயின் ஆர்எச் ரத்த வகை குழந்தையுடையதோடு பொருந்தாத கர்ப்பங்களில் குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி மருந்துக்கு அது பயன்பட்டது. அவருடைய சொந்த மகளுக்கே அந்த மருந்து தேவைப்பட்டது. இத்தனைக்கும் மனிதருக்கு ஊசி என்றால் பயம், குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம். 2025இல் காலமானார்.

பின்வரிசை:

கோபமெல்லாம் இல்லை மேகலை. ஆனால் துனான் கதையின் மீதியையும் சொல்லுங்கள். இந்த வேலையில் மூழ்கித் தொழிலைக் கவனிக்காமல் 1867இல் திவாலானார், ஜெனிவாவை விட்டே போக வேண்டி வந்தது, பல வருடம் வறுமையில் கிடந்தார், 1895இல் ஒரு பத்திரிகையாளர் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகத்துக்கு மறுபடி நினைவு வந்தது, 1901இல் முதல் அமைதி நோபல் பரிசும் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் போல ஒரு பிள்ளை அவருக்கு இருந்திருந்தால் இந்த இழையில் வந்து என்ன எழுதியிருக்கும்?

ஹாரிசன் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. போனார், கொடுத்தார், வீட்டுக்கு வந்தார். யாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

நடுப்பக்கம்:

பின்வரிசை, கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஒவ்வொரு முறை போனபோதும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள்தானே. ஆனால் புரிகிறது. உங்கள் அம்மா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என் அம்மாவிடம் கேட்டேன், அப்பா நோட்டோடு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று. "உங்க அப்பா அனுப்புற ஆளுங்க விலாசம் தெரியாம நம்ம வீட்டுக்கு வருவாங்க, அவங்களுக்கு வழி சொல்லிக்கிட்டு இருப்பேன்" என்றார். எனக்கு இது தெரியவே தெரியாது. நோட்டின் பின் அட்டையில் இருக்கும் மருத்துவமனை வழி விவரமெல்லாம் அம்மா கையெழுத்தாம்.

தூறல்:

எல்லோருக்கும் நன்றி. சிலவற்றை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒற்றைச்செருப்பு எழுதியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழாம்வாய்ப்பாடு சொன்ன ஆய்வுகளைக் கேட்டுவிட்டு, "அப்ப என்னைச் சின்ன வயசுல கூட்டிட்டுப் போனப்ப வரும்போது ஏதாவது வாங்கிக் கொடுப்பியே, அதனாலதான் எனக்குப் போரடிச்சுப் போச்சு" என்றாள். அவளுக்கு வசதியான வாதம்தான், ஆனாலும் ஆய்வு அவள் பக்கம் இருக்கிறது, என்ன செய்ய.

வற்புறுத்தப் போவதில்லை. நேர்க்கோடு சொன்னதிலும் ஒன்று எடுத்துக்கொண்டேன், கதவு எங்கே என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் நான் காட்டவேண்டியது இனி ஒன்றும் இல்லை. ஆனால் பின்வரிசை, கரிச்சான் இரண்டு பேர் எழுதியதும்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. நான் வாசிக்கப் போகும் நேரத்தில் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவள் வர மாட்டேன் என்று சொன்னதில் இதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். இனி அந்த நேரத்துக்கு அவளுடைய அப்பா வீட்டில் இருப்பார் என்று முடிவாகிவிட்டது, இந்த வாரத்திலிருந்து.

புதுவரவு_9:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் இப்படி எந்த மரபும் கிடையாது, அதனால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு ஸ்கிரைப்பாகப் போக ஆசை. நல்ல கையெழுத்து இருக்கிறது, பாடமும் ஓரளவு தெரியும். தெரிந்த பாடத்துக்கே போகலாமா? முன்பே பழக வேண்டுமா?

தூறல்:

வாங்க வாங்க. தெரிந்த பாடம் என்பது இங்கே தகுதி இல்லை, பல தேர்வுகளில் அதுவே தடை. எழுதுகிறவர் தேர்வாளரைவிடக் குறைந்த வகுப்பில் இருக்க வேண்டும், வேறு பாடம் படித்தவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கும், தேர்வுக்குத் தேர்வு மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தேர்வின் விதியை வாங்கிப் படித்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம், அவர் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும். விடை தவறு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் புருவத்தைக்கூட உயர்த்த முடியாது, குரலில்கூடக் காட்டிவிடக் கூடாது. என் அம்மாவுக்கே இதுதான் கஷ்டமாக இருந்ததாம், தெரிந்த விடையை விழுங்கிக்கொண்டு தவறான விடையை அழகாக எழுதுவது. கேள்வியை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள், கேட்டால் மறுபடி வாசியுங்கள், எத்தனை மதிப்பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னால் அடியுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால் எழுதியபடியே வாசியுங்கள்.

முடிந்தால் தேர்வுக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள், அவர் பேசும் வேகமும் உங்கள் கை வேகமும் ஒத்துவர வேண்டும். உங்கள் பகுதியில் பார்வையற்றோர் பள்ளியோ சங்கமோ இருந்தால் நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், தேர்வுக் காலத்தில் ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள். கூப்பிடுவார்கள். அன்று முடியாவிட்டால் முடியாது என்று உடனே சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கும்.